பல்பு எரிகிறது, குஞ்சு ஏன் சாகிறது?

கார்த்திகை பிறந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பயிரை முந்திக்கொண்டு கோழிதான் நிற்கிறது. நான் வேளாண்மை படித்தவன். கால்நடை மருத்துவன் அல்ல. ஆனாலும் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் நெல் வைத்தாலும் நிலக்கடலை வைத்தாலும் கொல்லையில் நாலு கோழி இல்லாத வீடு குறைவு. வயலைப் பார்க்கப் போனால் கோழியைப் பற்றியும் பேசாமல் திரும்ப முடிவதில்லை. அதனால் இந்த இதழ் முழுவதையும் குளிர்காலக் கோழிக்கே ஒதுக்கிவிட்டேன். ஊசி, மருந்து சங்கதிகளை மட்டும் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளிர் குழுக் கடனில் 60 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினேன். எல்லாம் ஒரு நாள் குஞ்சு. வட்டமாக அட்டை கட்டி, உமி போட்டு, பல்பும் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் 9 குஞ்சு செத்துக் கிடந்தது. ஐந்தாம் நாளுக்குள் 22 போய்விட்டது. மீதிக் குஞ்சுகளுக்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறேன். இது என்ன நோய் ஐயா? பல்பு இரவு முழுவதும் எரிகிறது.
— ஒரு வாசகி, பள்ளிப்பட்டு வட்டம்

பதில்: கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால் உடனே கூப்பிட்டுப் பேசினேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்ன பல்பு அம்மா?" "ஒன்பது வாட், வெள்ளை வெளிச்சம் வருமே, அதுதான்" என்றார்.

அது எல்.இ.டி. பல்பு. வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு இருக்கிறதே, அது இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளியே வரும். வீட்டுக்கு அது வீண்செலவு. அதனால்தான் அரசே எல்.இ.டி.க்கு மாறச் சொன்னது. ஆனால் குஞ்சுக்கு வேண்டியது அந்த வீண்செலவுதான். "குஞ்சுக்கு இரவில் பல்பு போடு" என்று அம்மாவும் பாட்டியும் சொன்ன காலத்தில் வீட்டில் இருந்தது குண்டு பல்பு. பேச்சு அப்படியே இருக்கிறது, பல்பு மாறிவிட்டது. இந்த ஒரு மாதத்தில் இதே மாதிரி மூன்று வீடுகளைப் பார்த்துவிட்டேன்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. அதன் மேல் இருப்பது பஞ்சு போன்ற மயிர், இறகு இல்லை. இறகு முளைத்து உடம்பை மூட மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை தாய்க்கோழியின் வயிற்றுச் சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்து, நான்காம் வாரம் 80 டிகிரிக்குக் கொண்டுவரலாம். நம் பக்கம் மார்கழி விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது உண்டு. குஞ்சுக்கு வேண்டியதற்கும் வெளியில் இருப்பதற்கும் 15 டிகிரி இடைவெளி. அதை ஒன்பது வாட் நிரப்பாது.

திருத்தணிக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. கோடையில் தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் அடித்த ஊர்களின் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் அடிக்கடி வருகிறது. அதைக் கேட்டுக் கேட்டு, இங்கே குளிர் ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணம் நமக்கே வந்துவிட்டது. டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவுக்கு மலையேறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். 365 படி ஏறும் வரை வேர்க்கும். மேலே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். நாற்பது கிராம்கூட இல்லாத குஞ்சுக்கு எப்படி இருக்கும்?

அந்தச் சகோதரி கவனிக்க வேண்டிய இன்னொன்று, சாவு வந்த நாள். குளிர் அடித்தது முதல் இரவு. சாவு தெரிந்தது மூன்றாம் நாள். குஞ்சு பொரியும்போது அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சமிருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் சாப்பாடு அதுதான். குளிரில் ஒடுங்கிய குஞ்சுக்கு அந்தக் கரு சரியாகச் செரிக்காது. தீனிக்கும் தண்ணீருக்கும் போகாமல் கும்பலாக நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். உயிரோடு இருப்பதற்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டும். பார்ப்பவருக்கு நோய் மாதிரியே தெரியும். உடனே மருந்துப் பொடி. சூடு இல்லாத இடத்தில் எந்தப் பொடியும் வேலை செய்யாது. அந்தப் பொடி பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. உண்மையான வெள்ளைக்கழிச்சலும் இப்படித் தொடங்கலாம் என்பதால், சூடு சரி செய்த பிறகும் சாவு நிற்கவில்லையென்றால், அன்று செத்த குஞ்சை ஒரு பையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்று கணக்கு வையுங்கள். 60 குஞ்சுக்கு 120 வாட். 60 வாட் குண்டு பல்பு இரண்டு. ஒன்றே பெரிதாகப் போடுவதைவிட இரண்டாகப் போடுவது நல்லது. ஒன்று பீஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். குண்டு பல்பு கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டது, உண்மை. கோழித்தீவனக் கடைகளில் கேட்டால் அகச்சிவப்பு பல்பு கிடைக்கும். 150 வாட்டிலும் 250 வாட்டிலும் வரும். அதற்குப் பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். தரையிலிருந்து குண்டு பல்பு ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரம், அகச்சிவப்பு பல்பு ஒன்றரையிலிருந்து இரண்டு அடி உயரம். ஒயரிலேயே தொங்கவிடாமல் சங்கிலியிலோ கம்பியிலோ கட்டுங்கள். பல்பு அறுந்து உமியில் விழுந்தால் குஞ்சு மட்டுமல்ல, கொட்டகையும் போய்விடும்.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 120 வாட் 12 மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. இருபது இரவுக்கு 29 யூனிட். 22 குஞ்சின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குஞ்சு வருவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே பல்பைப் போட்டு உமியைச் சூடாக்கிவிட வேண்டும். வந்த பிறகு பல்பு தேடிக் கடைக்கு ஓடக் கூடாது. உமி இரண்டு அங்குலம். நம் பக்கம் கடலைத் தோல் மலிவு என்று அதையே போடுகிறார்கள். நன்றாகக் காய்ந்த புதுத் தோலாக இருந்தால் போடலாம். மழையில் நனைந்து காய்ந்ததில் பூஞ்சணம் இருக்கும். அதன் தூள் குஞ்சின் நுரையீரலுக்குப் போனால் வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சாகும். அதற்கு மருந்து கிடையாது. நான் உமியைத்தான் சொல்வேன். முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் கரைத்து அன்று மட்டும் கொடுங்கள். எச்சம் ஒட்டிய குஞ்சை வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு விடுங்கள். பிய்த்து எடுத்தால் தோலும் கூடவே வரும்.

சூடு போதுமா என்று அறிய ஒரு வெப்பமானி வாங்கி, குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடலாம். அது இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு நேர் கீழே குவிந்து, இடைவிடாமல் கீச்சிட்டால் குளிர். அட்டை ஓரமாக ஒதுங்கி, சிறகை விரித்து, வாயைத் திறந்திருந்தால் சூடு அதிகம். பல்பை அரை அடி தூக்குங்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப் பக்கம் எங்கோ காற்று நுழைகிறது. பரவலாக, சில தின்றுகொண்டும் சில கால் நீட்டிப் படுத்தும் இருந்தால் சரி. இதைப் பகலில் பார்த்துப் பயனில்லை. இரவு பத்து மணிக்கும் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கும் பாருங்கள். ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் மற்ற எந்தச் சோதனையும் வேண்டாம்.

கேள்வி: புயல் வந்தால் எங்கள் ஊரில் முதலில் போவது மின்சாரம். வருவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அப்போது குஞ்சை எப்படிக் காப்பாற்றுவது?
— ஒரு வாசகர், ஆர்.கே.பேட்டை

பதில்: நம் மாவட்டத்துக்கு மிகவும் பொருத்தமான கேள்வி. நம்மூரில் குஞ்சைக் கொல்வது மார்கழிப் பனியைவிடப் புயல் மழைதான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் நனைத்துவிட்டு, 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை ஏறியது. அந்த நாட்களில் பகலிலும் வெயில் இல்லை, காற்று ஓயவில்லை, பல ஊர்களில் மின்சாரமும் இல்லை. பனிக் குளிர் என்றால் காலை எட்டு மணிக்கு வெயில் வந்து குஞ்சைத் தேற்றிவிடும். புயலில் அந்த எட்டு மணி வருவதேயில்லை.

மின்சாரம் போனதும் முதலில் குஞ்சுகளின் இடத்தைச் சுருக்குங்கள். காற்றோட்டத்துக்கு விரல் அளவு துளையிட்ட அட்டைப் பெட்டி, அடியில் இரண்டு அங்குலம் உமி, ஒரு பெட்டிக்கு 25 குஞ்சு. பெட்டியை வீட்டுக்குள், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். மேலே சாக்கைப் போட்டு மூன்றில் இரண்டு பங்கு மட்டும் மூடுங்கள். குஞ்சுகளின் உடம்புச் சூடே பெட்டியைச் சூடாக வைத்திருக்கும். பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சு நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வருவது இந்த முறையில்தானே? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, தீனியும் தண்ணீரும் காட்ட வேண்டும். உள்ளே ஈரம் கோத்திருந்தால் சாக்கை இன்னும் கொஞ்சம் விலக்குங்கள்.

இதையே நிரந்தர ஏற்பாடாகச் செய்கிறவர்கள் எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் இருக்கிறார்கள். மின்சாரம் எட்டாத சிறு விவசாயிகள் மரப்பெட்டியின் சுவர் ஓரமெல்லாம் காய்ந்த புல்லைத் திணித்து, நடுவில் குஞ்சுக்கு ஒரு குழி விட்டு, மேலே புல் அடைத்த சாக்கை மெத்தை மாதிரி மூடிவிடுகிறார்கள். விளக்கும் இல்லை, நெருப்பும் இல்லை. நம்மிடம் வைக்கோல் இருக்கிறது. சென்னைக்குத் தக்காளி போகும் மரப்பெட்டி ஒன்று கிடைத்தால் போதும். வைக்கோல் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். முதல் வாரம் பல்போடும், பிறகு இரவுக்கு மட்டும் இந்தப் பெட்டியிலும் வளர்த்துப் பாருங்கள் என்று இரண்டு மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டிக்குள் கூடுதல் சூடு வேண்டுமென்றால், இரண்டு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக்க மூடி, சாக்கில் சுற்றி ஓரமாக வையுங்கள். கொதிநீர் வேண்டாம், பாட்டில் நெளிந்துவிடும். அடுப்பில் காய்ச்சிய செங்கல்லைச் சாக்கில் சுற்றி வைத்தாலும் சில மணி நேரம் தாங்கும்.

கரி போட்ட மண்பானை வைக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். நாமக்கல் பக்கம் பெரிய கொட்டகைகளில் வைக்கிறார்கள். அங்கே இடம் பெரிது, பக்கவாட்டில் காற்று போக வழி உண்டு, கண்காணிக்க ஆளும் உண்டு. வீட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கரி வைக்கவே கூடாது. கரிப்புகையில் கண்ணுக்குத் தெரியாத, வாசனையில்லாத நச்சுக்காற்று இருக்கிறது. குஞ்சோடு அதே அறையில் படுத்திருக்கும் மனிதரையும் அது தூக்கத்திலேயே கொன்றுவிடும். திறந்த கொட்டகையில் வைப்பதானால், வெளியே பற்றவைத்து, புகை முழுவதும் அடங்கித் தணலான பிறகு, ஓட்டை போட்ட மூடியோடு வையுங்கள். சுற்றிலும் கம்பி வலை கட்டுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம்.

கேள்வி: பெரிய கோழிகளுக்கும் இரவில் பல்பு போட வேண்டுமா? கொண்டையில் வாசலின் தடவச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன்.
— ஒரு மாணவர், திருத்தணி

பதில்: பல்பு வேண்டாம் தம்பி. வளர்ந்த கோழிக்கு இறகே போர்வை. அது உடம்பைச் சிலிர்த்துப் பந்துபோல் உட்காருவது, இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான். அந்தப் போர்வை நனையக் கூடாது, காற்று அதைக் கலைக்கக் கூடாது. இந்த இரண்டைப் பார்த்துக்கொண்டால் போதும்.

வாடை வரும் வடக்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் சாக்குப் படுதா கட்டுங்கள். படுதாவைக் கீழிருந்து மேலாகக் கட்டி, உச்சியில் ஓர் அடி திறந்து விடுங்கள். தார்ப்பாயால் நான்கு பக்கமும் இறுக்கி மூடுவதைப் பார்க்கிறேன். அது குளிரைவிடக் கெடுதி. எச்சத்தின் காரநெடி உள்ளேயே தங்கி, கண் எரிந்து, சளி பிடிக்கும். காலையில் கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், அந்த உயரத்திலேயே இரவு முழுவதும் இருந்த கோழிக்கு எவ்வளவு எரிந்திருக்கும்? ஈரமான உமியை அள்ளி வெளியே போட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். மாலையில் அடைவதற்கு முன் ஒரு பிடி கம்போ, உடைத்த மக்காச்சோளமோ அதிகமாகக் கொடுங்கள். குளிர் நாளில் கோழி சூட்டுக்காகவே கொஞ்சம் தீனியைச் செலவழிக்கும். மஞ்சள், மிளகு, சீரகம் அரைத்துக் கொடுக்கிறோம் என்கிறார்கள். கெடுதல் இல்லை, கொடுக்கலாம். ஆனால் நனைந்த கொட்டகைக்கு அது ஈடாகாது.

வாசலின் விஷயம் பனி உறையும் நாட்டுக்காரர்கள் சொன்னது. அங்கே தண்ணீர் கட்டியாகும் குளிரில் கொண்டை உறைந்து கறுத்துவிடும். திருத்தணியில் அது நடக்காது. நம் கோழியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்பாகக் கொப்புளமோ பொருக்கோ கண்டால், பெரும்பாலும் அது கோழி அம்மை. மழைக்குப் பின் கொசு பெருகும்போது வரும். அந்தக் கோழியைத் தனியே பிரித்துவிட்டு மருந்தகத்தில் காட்டுங்கள். வாசலின் தடவிக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பல்பெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. தாய்க்கோழியை வைத்தே குஞ்சு எடுக்கிறோம். இந்தக் குளிரில் அடை வைக்கலாமா?
— ஒரு பெரியவர், பள்ளிப்பட்டு

பதில்: தாய்க்கோழியை மிஞ்சிய பல்பு இன்னும் வரவில்லை ஐயா. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. கோடையில் 15 குஞ்சை மேய்க்கும் கோழி, குளிரில் பத்தைத்தான் சிறகுக்குள் முழுதாக மூடும். மீதி வெளியே நின்று விறைக்கும். அதனால் இப்போது வைத்தே ஆக வேண்டுமென்றால் பத்து முட்டைக்கு மேல் வேண்டாம். பொரித்த பிறகு இரண்டு வாரம், காலைப் பனி விலகும் வரை தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தை விட்டு வெளியே விடாதீர்கள். (தெலுங்கு பேசும் வீடுகளில் இதையே கம்ப என்பார்கள்.) பஞ்சாரத்தின் அடியில் வெறும் தரை கூடாது, உமியோ வைக்கோலோ வேண்டும். மேலே சாக்கு.

அவசரமில்லையென்றால் தை பாதி வரை பொறுங்கள். முட்டை பொரிய 21 நாள். தை 15-இல் வைத்தால் மாசி முதல் வாரம் குஞ்சு வரும். அப்போது பகல் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், புயல் காலமும் முடிந்திருக்கும். நாட்டுக்கோழி விற்கிற எடைக்கு வர நான்கைந்து மாதம். மாசிக் குஞ்சு ஆடிக்குத் தயார். ஆடிக் கிருத்திகைக்கு மலையில் கோழிக்கு வேலையில்லை. ஆனால் ஆடி முழுவதும் ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது சேவலுக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். கார்த்திகையிலும் மார்கழியிலும் மாலை போட்டவர்களால் கறி வியாபாரம் மந்தமாகிறது. சிலர் குஞ்சை விலை குறைத்துத் தள்ளுவார்கள். சூட்டுக்கு ஏற்பாடு இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்க வேண்டாம். சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும். வைத்த ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. வெறுமனே தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள், மீதி முட்டைகளுக்குத் தாயின் சூடு நன்றாகக் கிடைக்கும். மாசியில் குஞ்சு வந்தால் இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் வழக்கமாகப் பிப்ரவரி முதல் பாதியில்தான் நடக்கும். தாய்க்கோழிகளுக்கு அந்த முகாமில் போட்டுவிடுங்கள். குஞ்சுக்கு முதல் வாரத்தில் போடும் சொட்டு மருந்துக்கும் அங்கேயே தேதி கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அன்று குஞ்சு நடுங்கிக்கொண்டிருந்தால், சூடேற்றித் தேற்றிய பிறகு கொண்டுபோங்கள். நோயோடு கோழிகள் மொத்தமாகச் சாய்ந்தால் 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

மார்கழிப் பட்ட நிலக்கடலைக்கு விதைநேர்த்தி கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும். அதற்குள் விதைக்கிறவர்கள் உதவி வேளாண்மை அலுவலரைப் பார்த்துவிட்டு விதையுங்கள்.